மைக்கக்கா படிக்காத அறிவிப்பு

அந்த ஊர் ரயில் சந்திப்பில் அறிவிப்பு வாசித்த பெண்ணை எல்லோரும் மைக்கக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சுமை தூக்குகிறவர்கள் வைத்த பெயர். நாளடைவில் நிலைய அதிகாரியே கோப்பு ஒன்றை நீட்டி, "மைக்கக்கா, இங்க ஒரு கையெழுத்து" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்ளும் அளவுக்கு ஒட்டிக்கொண்டது.

முகத்தைப் பார்த்தால் யாருக்கும் அடையாளம் தெரியாது. வாயைத் திறந்தால் போதும். காய்கறிக் கடையில் "தக்காளி அரைக் கிலோ" என்றால் பக்கத்தில் நிற்கிறவர்கள் சட்டென்று பையைத் தூக்கிக்கொள்வார்கள், வண்டி வந்துவிட்டதோ என்று. "எத்தனாவது பிளாட்ஃபாரத்துல போடட்டும்க்கா?" என்று கடைக்காரர் கேட்பார். அவள் கணவர் ராணுவத் தலைமை அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். "இவ சண்டை போட்டாக்கூட வண்டி கால் மணி நேரம் தாமதம்ங்கிற மாதிரி நிதானமாத்தான் திட்டுவா. நமக்குக் கோபமே வராது, காத்திருக்கத்தான் தோணும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அவள் வேலை பார்த்த அறை நடைமேடைக்கு மேலே, மாடிப்படி ஏறிப் போகிற இடத்தில் இருந்தது. ஒரு மேசை, பஞ்சுத் தொப்பி போட்ட மைக், மணி ஓசைக்கு ஒரு பொத்தான், முன்னால் பெரிய கண்ணாடி. கண்ணாடிக்கு நேர் எதிரே தண்டவாளங்களைக் கடக்கும் நடைபாலம். பாலத்தில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே பேசுவாள். யாரோ ஒருவருக்குச் சொல்கிற மாதிரி சொன்னால்தான் குரலில் உயிர் இருக்கும் என்பது அவள் தானாகக் கண்டுகொண்டது.

நாட்டை அப்போது தளபதி ஆண்டுகொண்டிருந்தார். அவர் வந்து சில வருடங்கள் கழித்துத்தான் செய்தித் துறையிலிருந்து ஒருவர் வந்து, எல்லா ரயில் நிலையங்களிலும் இயந்திரம் பேசப் போகிறது, அதற்கு உங்கள் குரல்தான் தேர்வாகியிருக்கிறது என்றார். மைக்கக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. புதுச் சேலை உடுத்திக்கொண்டு ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனாள். சுவரெல்லாம் துணி ஒட்டிய, எதிரொலியே இல்லாத அறை. தன் குரல் வாயை விட்டு வெளியேறியதும் செத்து விழுகிற மாதிரி இருந்தது அவளுக்கு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர், மெலிந்த, மரியாதையான மனிதர். எண்கள், கிழமைகள், ஊர்கள், தெருக்கள், இடங்கள் என்று தாள் தாளாகக் கொடுத்தார். எல்லாம் தனித்தனிச் சொற்கள். நூலகத்துக்கு, மருத்துவமனைக்கு, சந்தைக்கு, மைதானத்துக்கு. வரவும், செல்லவும், திரும்பலாம். ஒரு தாளில் 'அஞ்ச வேண்டாம்' என்று இருந்தது.

"ரயிலுக்கு இது எதுக்கு சார்?" என்றாள்.

"கூட்ட நெரிசல்ல ஜனங்க பதறுவாங்கல்ல மேடம். அப்போ தேவைப்படும்." பிறகு அவரே சொன்னார்: "இதை நீங்க சொன்னா உண்மையிலேயே பயம் போயிடுது."

அந்தப் பாராட்டைக் கணவரிடம் பலமுறை சொல்லிக் காட்டினாள். மாதங்கள் போயும் நிலையத்துக்கு இயந்திரம் வரவில்லை, அவளே படித்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தம்பி சாப்பிட வருவான். கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறவன், கல்யாணம் ஆகாதவன். அக்காள் வீட்டுக்குச் சாப்பாட்டுக்கு வருகிறானா, அத்தானோடு சண்டைக்கு வருகிறானா என்று சொல்ல முடியாது. தட்டில் கை வைப்பதற்குள் ஆரம்பித்துவிடுவார்கள்.

"தளபதி வந்த பிறகுதான் மச்சான், கடைத்தெருவுல குண்டு வெடிக்கிறது நின்னுச்சு. ஒத்துக்கோ."

"பயமில்லாம நடக்கறீங்க அத்தான், சரி. பயமில்லாம பேசறீங்களா? ஜன்னலை ஏன் சாத்தினீங்க?"

"உன் குரல் அப்படி. சரி, நீ கொண்டாடற புரட்சி நாட்டுல மட்டும் ஆளுங்களைக் கொல்லலியா? வண்டி வண்டியா அள்ளிட்டுப் போனாங்களே?"

"அது வேற. அங்க ஒரு நோக்கம் இருந்துச்சு. அன்னைக்கு இருந்த நிலைமையில..."

"செத்தவனுக்கு நோக்கம் தெரியுமா மச்சான்?"

மைக்கக்கா நடுவில் உட்கார்ந்து இருவர் தட்டையும் பார்த்துப் பரிமாறுவாள். அரசியல் அவளுக்கு மழை மாதிரி. பெய்தால் குடை எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு நாள் காலை. அவளுக்கு மதியப் பணி. அடுப்படியில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கணவர் சவரம் செய்துகொண்டிருந்தார். தெருக்கோடியில் அவள் பேசுவது கேட்டது.

கத்தி நின்றது. கணவர் முகத்தில் நுரையோடு அடுப்படி வாசலுக்கு வந்து அவள் வாயைப் பார்த்தார். வாய் மூடியிருந்தது. குரல் தெருவில் நெருங்கிக்கொண்டிருந்தது.

"ஆற்றோரத் தெருக்களில் வசிப்போர் கவனத்திற்கு. பதினாறு வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் அடையாள அட்டையுடன் மைதானத்துக்கு வரவும். அஞ்ச வேண்டாம். மாலைக்குள் வீடு திரும்பலாம்."

அப்படி ஒரு வாக்கியத்தை அவள் வாழ்நாளில் படித்ததில்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லும் அவளுடையது. 'மைதானத்துக்கு' என்ற சொல் அந்தத் தாளின் கடைசியில் இருந்தது, அதனால் முடிப்பு கொடுத்து இறக்கிச் சொல்லியிருந்தாள். இப்போது அது வாக்கியத்தின் நடுவில் வந்து, அங்கே போய் எல்லாம் முடிந்துவிட்டது போல ஒரு கணம் தணிந்து, மறுபடி எழுந்தது. சாம்பல் நிற வேன் ஒன்று கூரையில் ஒலிபெருக்கியோடு வீட்டைக் கடந்து ஆற்றுப் பக்கம் போனது. 'அஞ்ச வேண்டாம்' மட்டும் தெளிவாக, அன்பாக, தேய்ந்துகொண்டே போனது.

"விசாரிச்சிட்டு விட்டுடுவாங்க" என்றார் கணவர். நுரை காய்ந்து முகத்தில் ஒட்டியிருந்தது. "அங்கதான் ஆயுதம் பதுக்கியிருந்தாங்கன்னு பேச்சு."

ஆற்றோரத்து ஆண்கள் போனார்கள். ஓடி ஒளிந்திருக்கலாம், படகில் ஏறியிருக்கலாம். ஆனால் எத்தனையோ வருடம் சரியான வண்டியைச் சரியான நடைமேடையில் காட்டிய குரல் அது. சட்டையை மாட்டிக்கொண்டு, சிலர் குடையும் எடுத்துக்கொண்டு போனார்கள். மாலையில் யாரும் திரும்பவில்லை. மறுநாளும் இல்லை. அந்தத் தெருக்களில் வாசல்கள் திறந்தே கிடந்தன என்று பால்காரர் சொன்னார். சொல்லிவிட்டு, அவளிடம் சொன்னதற்காகப் பயந்தார்.

மைக்கக்கா வேலையை விடவில்லை. விட்டால் அதையே எதிர்ப்பு என்று எடுத்துக்கொள்வார்கள் என்றார் கணவர். அவளுக்கும் பயம். மணியை அழுத்தி வண்டி எண்ணைச் சொன்னால் நடைமேடை முழுக்கப் பேச்சு நின்றுவிடும். 'வரவும்' என்று சொன்னபோது ஒரு முதியவர் பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு நிலையத்தை விட்டு வெளியேறியதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். காய்கறிக் கடையில் விரலால் காட்டி வாங்கத் தொடங்கினாள். கடைக்காரரும் கேலி பேசுவதை விட்டுவிட்டார்.

பிறகு தளபதி விழுந்தார். தெருவெல்லாம் கொடி, கூச்சல், அழுகை. அவரைக் கவிழ்த்தவர்கள் அமைத்த குழு ஆட்சிக்கு வந்தது. தம்பி அந்தக் குழுவில் இருந்தான். செய்தித் துறையே அவன் கைக்கு வந்தது. முதல் காரியமாக அக்காளைப் பார்க்க வந்தான்.

"என்னையும் விசாரிக்கணும்டா" என்றாள் அவள்.

"நீ என்னக்கா பண்ணினே? உன்னை ஏமாத்திப் பதிவு பண்ணியிருக்காங்க. நீ வெறும் கருவி."

"அப்போ அந்தப் பதிவை எரிச்சிடு."

"எரிச்சிடலாம்" என்றான். சொன்ன விதத்தில் அவசரம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு தொடர்ந்தது. இப்போது ஜன்னலைச் சாத்தச் சொன்னது தம்பி. கணவர் கேட்டார்: "பத்திரிகைக்காரனை எதுக்கு மச்சான் பிடிச்சீங்க?" தம்பி சோற்றைப் பிசைந்துகொண்டே, "அன்னைக்கு இருந்த நிலைமையில வேற வழியில்லை அத்தான். இப்பத்தான் ஜனங்க நிம்மதியா கடைத்தெருவுல நடக்கறாங்க" என்றான்.

மைக்கக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "இதையே இவர் சொன்னப்ப நீ தட்டைத் தள்ளிட்டு எழுந்து போனேடா."

"அக்கா, அவங்க கொன்னது ஒண்ணும் தெரியாதவங்களை. நாங்க பிடிக்கறது குத்தவாளிகளை."

"அதைத்தான் அவங்களும் சொன்னாங்க."

அவன் தட்டைத் தள்ளினான். கையைக் கழுவிக்கொண்டு போனான். அடுத்த ஞாயிறு வரவில்லை.

அதற்குப் பிறகு வெகுநாள் ஆகவில்லை. அதே போல ஒரு காலை. அதே வேன், நிறம் மட்டும் மாற்றியிருந்தார்கள்.

"முந்தைய ராணுவ அலுவலகங்களில் பணிபுரிந்தோர் கவனத்திற்கு. அடையாள அட்டையுடன் மைதானத்துக்கு வரவும். அஞ்ச வேண்டாம். மாலைக்குள் வீடு திரும்பலாம்."

கணவர் எழுந்து சட்டையை எடுத்தார். அவள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "போகாதீங்க" என்றாள். "வரவும்" என்றது தெரு. "போகாதீங்கன்னு சொல்றேன்ல" என்றாள். "அஞ்ச வேண்டாம்" என்றது தெரு. ஒரே குரல். அவருக்கே ஒரு நிமிடம் குழப்பமாக இருந்திருக்க வேண்டும். அவளையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீ கூப்பிட்டு நான் எப்பம்மா வராம இருந்திருக்கேன்?" என்றார். சிரிக்க முயன்றார். "அரசாங்கம் கூப்பிட்டா போகணும். என் மச்சான் அரசாங்கம்தானே." அவளை மெதுவாக விலக்கிவிட்டுப் படியிறங்கினார்.

அவள் தம்பிக்குத் தொலைபேசினாள். கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். மறுபடி பேசினாள். எடுக்கவில்லை. செருப்புப் போடாமல் நிலையத்துக்கு ஓடினாள். மைதானத்துக்குப் போகிறவர்கள் நடைபாலத்தைக் கடந்துதான் போக வேண்டும்.

அறிவிப்பு அறையில் இருந்த இளைய ஊழியர் அவள் முகத்தைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டார். அவள் உள்ளே தாழிட்டாள். கண்ணாடிக்கு எதிரே பாலம் நிறைய ஆண்கள். பலரும் வயதானவர்கள். கணக்கர்கள், தட்டச்சர்கள், சமையல்காரர்கள். நெருக்கியடித்துக்கொண்டு மெதுவாக நகர்ந்தார்கள். நிலைய வாசலில் வேன் நின்று அவள் குரலில் பேசிக்கொண்டிருந்தது. அவள் மணிப் பொத்தானை அழுத்தினாள். பழக்கம்.

"கவனிக்கவும். மைதானத்துக்குச் செல்ல வேண்டாம். வீட்டுக்குத் திரும்பவும்."

பாலம் நின்றது. வேன், "மைதானத்துக்கு வரவும்" என்றது. ஒலிபெருக்கிகள், "செல்ல வேண்டாம்" என்றன. ஒரே பெண் இரண்டு பக்கமிருந்தும் இழுக்க, நடுவில் அத்தனை பேரும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எது நிஜம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அவளுடைய நிதானம்தான் அவளுக்கு எதிரி என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எழுதிப் படிக்கிற தமிழைக் கைவிட்டாள்.

"ஐயா, நான்தான் பேசறேன். இதோ இந்தக் கண்ணாடிக்குப் பின்னால நிக்கறேன், பாருங்க. பாலத்துல நீலச் சட்டை போட்டு, குழந்தையைத் தோள்ல வெச்சிருக்கீங்களே, உங்களைத்தான். குழந்தையோட ஒரு செருப்பு கீழ விழுந்துடுச்சு. அந்த வேன் உங்களைப் பாக்குதா? அதுக்குக் கண்ணு இல்லை. நான் பாக்கறேன். திரும்பிப் போங்க. ஆத்தோரத்துலேர்ந்து போனவங்க யாரும் வரலை. போகாதீங்க, போகாதீங்க..."

குரல் உடைந்தது. நீலச் சட்டைக்காரர் குனிந்து கீழே பார்த்தார். செருப்பு கிடந்தது. எடுத்துக்கொண்டு திரும்பினார். அவர் திரும்பியதும் அவரைச் சுற்றி இருந்தவர்கள் திரும்பினார்கள். பாலம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி வந்த வழியே போனது. மற்றப் பாதி, ஒழுங்காக வாழ்ந்தே பழகிய மனிதர்கள், கொஞ்சம் தயங்கிவிட்டு மைதானத்தின் பக்கம் நடந்தார்கள். கூட்டத்தில் கணவரை அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. காவலர்கள் கதவை உடைத்துக்கொண்டு வந்தபோதும் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளைத் தம்பிதான் காப்பாற்றினான், அவன் வழியில். அன்று மாலையே குழு ஓர் அறிக்கை விட்டது. நிலையத்தில் ஒலித்தது எதிரிகள் வெட்டி ஒட்டித் தயாரித்த பொய்க்குரல். வேனில் ஒலித்ததே அதிகாரப்பூர்வமான அசல். ஆகவே அவள் பேசவே இல்லை, குற்றமும் இல்லை. அவளை மூன்றாம் நாள் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அத்தான் விஷயமாகத் தம்பியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தாமதமாகத்தான் தெரிந்ததாம். வாசலில் நின்றே அதைச் சொன்னான். உள்ளே வரச் சொல்லி அவள் கூப்பிடவில்லை.

குழுவும் போயிற்று. தேர்தல் வந்தது, வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். புதிய அரசு விசாரணை ஆணையம் ஒன்றை வைத்தது. பழைய நூலகக் கட்டடத்தில், மின்விசிறிகள் கிறீச்சிடும் ஒரு கூடம். தலைமை வகித்தவர் ஓய்வு பெற்ற நீதிபதி, பொறுமையான அம்மாள். தம்பி ஒரு பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தான். கேட்டதற்கெல்லாம், "அன்னைக்கு இருந்த நிலைமையில" என்று தொடங்கி, வாக்கியத்தை முடிக்காமல் நிறுத்தினான்.

நீலச் சட்டைக்காரரும் சாட்சி சொல்ல வந்திருந்தார். ராணுவ அலுவலகத்தில் சமையல்காரராக இருந்தவர். அவர் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. பாலத்தில் அவர் பக்கத்தில் நின்றவர் அவள் கணவர்.

"எது நிஜம்னு எனக்குப் புரியலைம்மா. செருப்பு விழுந்துச்சுன்னு சொன்னீங்க பாருங்க, அப்போ உங்க வீட்டுக்காரர் சிரிச்சாரு. 'இது என் பொண்டாட்டி. அவ அழுதா இப்படித்தான் மூக்கடைச்சுக்கும். அவ பேச்சைக் கேட்டுத் திரும்பிப் போங்க'ன்னாரு. நீங்க வரலியான்னு கேட்டேன். 'நான் போகலைன்னா என்னைத் தேடி வீட்டுக்கு வருவாங்க. அவதான் கதவைத் திறப்பா'ன்னு சொல்லிட்டு நடந்துட்டாரு."

கூடத்தில் இரண்டு ஒலிநாடாக்களையும் போட்டுக் காட்டினார்கள். வேனில் வந்தது, நிலையத்தில் வந்தது. கேட்டுக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி 'அஞ்ச வேண்டாம்' வந்ததும் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

"இதுல உங்க குரல் எதும்மா?" என்று நீதிபதி கேட்டார்.

"ரெண்டும் என் குரல்தான்."

"நீங்க பேசினது எது?"

"ரெண்டாவது. ஆனா ரெண்டையும் நம்பித்தான் ஜனங்க நடந்தாங்க. முதல்ல வந்ததுக்கும் நான்தான் பதில் சொல்லணும். ஆத்தோரத்துக்கு அந்த வேன் போனப்பவே நான் மைக் முன்னால போய் உட்கார்ந்திருக்கலாம். காய் நறுக்கிட்டிருந்தேன். அப்புறம் அந்தக் காயைச் சமைச்சேன்."

நீதிபதி பேனாவை மூடி வைத்தார். சாட்சியம் முடிந்தது என்றார். வெளியே வரும்போது ஆணையத்தின் செயலர், இளம் அதிகாரி, பணிவாக ஒரு விஷயம் சொன்னார். மூலப் பதிவு பத்திரமாக இருக்கிறதாம். பேரிடர்க் காலங்களில் பயன்படலாம்.

"எரிச்சிடுங்க தம்பி."

"முடியாதும்மா. சட்டப்படி அது அரசாங்கச் சொத்து" என்றார் அவர். நல்ல பையன். அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டவன். அவன் கண்ணில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாததுதான் அவளைப் பயமுறுத்தியது.

சில மாதம் கழித்து ஒரு பிற்பகல் யாரோ கதவைத் தட்டினார்கள். ஆணையத்தில் காதைப் பொத்திக்கொண்டு ஓடிய பெண். ஆற்றோரத் தெருக்காரி. திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று மைக்கக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். வந்தவள் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். பிறகு சொன்னாள்:

"எம் பையன் நான் சொன்னா எதையும் கேக்க மாட்டான். உங்க குரலைக் கேட்டுத்தான் எழுந்து போனான். நான் தினமும் மைதானத்துக்குப் போய்க் கூப்பிட்டுப் பாத்துட்டேன். நீங்க ஒரு தடவை வந்து, வீட்டுக்குத் திரும்பலாம்னு சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பான்."

அவள் கண்ணில் பைத்தியம் இல்லை. கடையில் சாமான் கேட்கிறவள் போலத்தான் கேட்டாள். மைக்கக்கா சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.

மைதானத்தில் புல் அடர்த்தியாக வளர்ந்திருந்தது. ஓரத்தில் புதிதாகப் போட்ட பாதையில் உடற்பயிற்சிக்காகச் சிலர் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்கள். வெயில் பளிச்சென்று இருந்தது. அந்தப் பெண் மகனின் பெயரைச் சொன்னாள். மைக்கக்கா இத்தனை வருடத்தில் எண்களையும் ஊர்களையும்தான் அழைத்திருக்கிறாள். ஓர் ஆளைப் பெயர் சொல்லி அறிவித்ததில்லை. புல்வெளியின் நடுவில் போய் நின்று அந்தப் பெயரைச் சொன்னாள். "வீட்டுக்குத் திரும்பலாம்" என்றாள். அதே நிதானம். எதிர்ச் சுவரில் பட்டு அது அவளிடமே திரும்பி வந்தது. தாய் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். பிறகு, "கேட்டிருக்கும்" என்றாள்.

அடுத்த வாரம் நான்கைந்து பெண்கள் வாசலில் காத்திருந்தார்கள். அதற்கடுத்த வாரம் இன்னும் அதிகம். ஆற்றோரத்துக்காரிகளும் ராணுவ எழுத்தர்களின் மனைவிகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஆனால் ஒன்றாகவே நடந்து வந்தார்கள். அவள் எல்லாப் பெயரையும் கூப்பிட்டாள். யாருடையது எந்த ஆட்சியில் போன பெயர் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

ஒருநாள் எல்லாம் முடிந்து கிளம்பும்போது அந்த முதல் பெண் அவள் கையைப் பிடித்தாள். "உங்க வீட்டுக்காரரையும் ஒரு தடவை கூப்பிடுங்கக்கா."

மைக்கக்கா திரும்பி நின்றாள். கணவரை அவள் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. அந்தப் பெயர் வாயில் வரவில்லை. அடுப்படியிலிருந்து கூப்பிடுவது போல, "ஏங்க" என்றாள்.

பாதையில் நடந்துகொண்டிருந்த ஆண்கள் எல்லோரும் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.